குங்கிலிய ஆம்ப்ளிஃபயர்

சொல்வது ஒரே ஒரு பொய், அதையும் நல்ல பொய்யாகச் சொல்லிவிடுவது என்று லாசரஸ் முடிவு செய்தார். தாம்பரம் ஸ்டேஷனில் நின்றுகொண்டு செய்த முடிவு. பீச் ஸ்டேஷன் போகிற மின்சார வண்டி வந்தது, போனது. அவர் ஏறவில்லை. ஆபீஸுக்கு அன்று லீவு போட்டிருந்தார். அது வீட்டுக்குத் தெரியாது. அதைப் பொய்யில் சேர்க்கக் கூடாது. சொல்லாமல் விட்டதுதானே.

விஷயம் ஒரு ஆம்ப்ளிஃபயர். கிட்டாரின் முனகலை ஊருக்குக் கேட்க வைக்கும் பெட்டி. அதை இன்று வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டும். வீடு ராஜகீழ்ப்பாக்கத்தில். வாடகை வீடு. வீட்டுக்குச் சொந்தக்காரி பச்சையம்மா. ஆனால் உள்ளே அதிகாரம் அருள்மேரிக்கு. அருள்மேரி என்பவள் லாசரஸின் மனைவி.

அவள் ஒரு சட்டம் போட்டிருந்தாள். கம்பி, கட்டை, ஒயர், இந்த மூன்றில் எது உள்ள சாமானும் இனி வாசல்படி தாண்டாது. சட்டத்துக்குக் காரணம் இருந்தது. முன்பு ஒரு எதிரொலிப் பெட்டி வாங்கி வந்தார். மைக் ஆனில் இருந்தது தெரியாமல் அவள் அவரைத் திட்டினாள். அவள் ஒருமுறை திட்டினாள். பெட்டி விடாமல் திட்டிக்கொண்டே இருந்தது. பாதி திட்டு ஓடும்போதே அடுத்த திட்டு ஏறியது. லாசரஸே அதைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பல்லாவரம் சந்தையில் தள்ளிவிட்டு வந்தார்.

கிட்டார் அவருக்குப் பிழைப்பு இல்லை. பிழைப்பு இன்சூரன்ஸ் ஆபீஸில். மீசை கறுப்பாக இருந்த காலத்தில் மெல்லிசைக் குழுவோடு கல்யாண வீடுகளில் வாசித்தவர். குழு கலைந்தது. பாடகர் துபாய் போனார். டிரம்ஸ்காரர் டிரம்ஸை விற்று ஆட்டோ வாங்கினார். லாசரஸ் கல்யாணம் செய்துகொண்டார். யாருக்கு விடிந்தது என்பது வேறு பேச்சு.

எதிரொலிப் பெட்டியைத் தள்ளிவிட்ட அதே சந்தையில்தான் அந்தப் பத்திரிகை கிடைத்தது. பழைய அமெரிக்கப் பத்திரிகை. அதில் ஒரு படம். அமெரிக்காவில் யாரோ ஒரு மனிதர், தன் வீட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து, கையாலேயே வால்வு ஆம்ப்ளிஃபயர் செய்கிறாராம். வருஷத்துக்கு விரல்விட்டு எண்ணலாம். பணம் மட்டும் இருந்தால் கொடுக்க மாட்டாராம், மூஞ்சியும் பிடிக்க வேண்டுமாம். தொழில் ரகசியம் வெளியே போகக் கூடாதென்று உள்ளே சர்க்யூட்டின் மேல் கறுப்புப் பசையைக் காய்ச்சி ஊற்றிவிடுவாராம். திறந்து பார்த்தால் அடிப்பிடித்த அல்வா மாதிரி ஒரு கட்டி. அவ்வளவுதான் தெரியும்.

பெண்ணின் படம் பார்த்து மயங்கியவர்கள் உண்டு. லாசரஸ் அந்த அல்வாவைப் பார்த்து மயங்கினார்.

படத்தை எடுத்துக்கொண்டு தனசிங்கிடம் போனார். மேற்குத் தாம்பரம் மார்க்கெட் சந்தில் தனசிங்கின் ரேடியோ கடை. ரிப்பேருக்கு அங்கே போன ரேடியோக்கள் நிறைய. திரும்பி வந்ததாக யாரும் சொல்லவில்லை. ஆனால் தனசிங்குக்கு நம்பிக்கை அதிகம். தன் மேல்தான்.

"இதே மாதிரி வேணும் தனசிங். அச்சு அசல்."

"படம் இருக்குல்ல சார்? முடிச்சிடலாம்."

"உள்ள என்ன இருக்குன்னு படத்துல தெரியலையேப்பா."

"அசல்ல மட்டும் தெரியுதா? அப்புறம் இன்னா சார்."

லாசரஸ் சரி என்றார்.

வால்வுகள், பல்பு மாதிரி எரியும் கண்ணாடிக் குழல்கள், செத்துப்போன ரேடியோக்களிலிருந்து வந்தன. தகட்டைத் திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் மடித்து வாங்கினார்கள். மேலே ஒட்டுவதற்கு அமெரிக்காவில் ஏதோ விசேஷ ரெக்சினாம். இங்கே ஆட்டோ சீட் ரெக்சின். திருகுவதற்கு அசலில் தந்தக் கலரில் குமிழ்கள். தனசிங் கேஸ் அடுப்புக் குமிழ்களைப் போட்டான். கச்சிதமாக உட்கார்ந்தன. ஒரே ஒரு குறை. சத்தம் வைக்கும் குமிழில் 'ஆஃப்', 'சிம்', 'ஹை' என்று எழுதியிருந்தது.

கடைசியாகப் பசை.

"தார் காய்ச்சி ஊத்தலாம்னு பாத்தேன் சார். நாறும். குங்கிலியத்தை உருக்கி ஊத்திட்டேன். கோயில்ல தூபம் போடுறாங்களே, அதேதான். சூடேறினா கமகமன்னு வரும்."

"சர்க்யூட்டை ஒரு தாள்ல வரைஞ்சு வெச்சியா?"

"எதுக்கு? ரகசியம் சார். இப்ப உள்ள இன்னா கீதுன்னு எனக்கே தெரியாது. அமெரிக்காக்காரனுக்காவது தெரியும். அந்த வகையில நம்ம பெட்டி ஒரு படி மேல."

கிட்டாரை மாட்டி, குமிழை சிம்மில் வைத்து, லாசரஸ் ஒரு கம்பியைச் சுண்டினார்.

புதுத் துணியை நீளமாகக் கிழிக்கும் சத்தம். கிழிந்த இடத்தில் தேன் ஊற்றினால் எப்படி, அப்படி. லாசரஸுக்குக் கண் கலங்கியது. மீசை கறுப்பாக இருந்த காலத்திலிருந்து காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்த சத்தம், இப்போது வெளியே கேட்டது. ஹையில் வைத்தால் எப்படி இருக்கும்? கை குமிழுக்குப் போனது. அதற்குள் பக்கத்துக் கறிக்கடைக்காரர் கத்தியோடு வந்துவிட்டார்.

"இன்னாபா தனசிங்கு, ஆட்ட நான் அறுக்குறனா, நீ அறுக்குறியா?"

"வூட்டுக்குப் போய் வெச்சுக்கங்க சார்" என்றான் தனசிங்.

லாசரஸுக்கு இந்தப் பிறவியில் வேறு ஆசை இல்லை. வீட்டில், தன் நாற்காலியில், ஹையில், ஒரு பாட்டு. ஒன்றே ஒன்று.

லீவு போட்ட அன்று பெட்டி மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் வந்து இறங்கியது. அருள்மேரி வாசலில் நின்றாள். கையில் கரண்டி.

"என்னங்க அது?"

"கோயில் சாமான்."

இதுதான் அந்த நல்ல பொய். அருள்மேரி மாதா கோயிலில் ஒரு பூசை தவறாதவள். கோயில் சாமானை வெளியே எறிய அவளுக்குக் கை வராது. ஸ்டேஷனில் நின்று யோசித்தது வீண் போகவில்லை.

"நம்ம கோயிலுதா?"

"ஆமா மேரி. சாமியார் பத்திரமா வெச்சிருக்கச் சொன்னாரு. கோயில்ல ஒழுகுதாம்."

"சித்திரை மாசத்துலயா?"

லாசரஸ் இதை யோசிக்கவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது.

"மழை இல்ல. வவ்வால். வவ்வால்தான்... ஒழுகுது."

அருள்மேரி அவரைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள். பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"சாமியாரே கையால குடுத்தாரா?"

"கையால இல்ல. வாயால."

"அப்ப உள்ள கொண்டாங்க. செருப்பைக் கழட்டிட்டு."

கூடத்தில் இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே இடம் ஒதுக்கினாள். ஈரத்துணியால் துடைத்தாள். கல்யாணத்துக்கு வந்த வெள்ளைப் பின்னல் விரிப்பை பீரோவிலிருந்து எடுத்து மேலே போட்டாள். இரண்டு பக்கமும் மெழுகுத்திரி.

இவ்வளவு சுலபமா என்று லாசரஸ் அசந்துபோனார். மனைவி சுலபமாக ஒத்துக்கொண்டால் பயப்பட வேண்டும். கல்யாணமான ஆண்கள் முதல் வருஷமே கற்றுக்கொள்ளும் பாடம். லாசரஸ் அந்த வருஷம் கச்சேரிகளில் இருந்தார்.

சாயங்காலம் கிட்டாரை மாட்டினார். வால்வுகள் செம்மஞ்சளாகக் கனிந்தன. குங்கிலியம் மணத்தது. கம்பியை வளைத்து ஒரு இழுப்பு இழுத்தார்.

"என்னங்க!"

சமையலறையிலிருந்து ஓடி வந்தாள்.

"கோயில் சாமான்ல குத்துப்பாட்டா?"

"குத்துப்பாட்டு இல்ல மேரி. ப்ளூஸ். அமெரிக்காவுல கறுப்பு ஜனங்க துக்கத்துல வாசிக்கிறது."

"துக்கமா? அப்ப தவக்காலப் பாட்டு வாசிங்க. நம்மகிட்ட இல்லாத துக்கமா?"

"அதுக்கில்ல..."

"கோயில் சாமான்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான்தான் சொன்னேன்."

"அப்ப கோயில் பாட்டுதானே வாசிக்கணும்? குமிழைப் பாருங்க. சிம்னு போட்டிருக்கு. கோயில்காரங்க யோசிச்சுத்தான் போட்டிருக்காங்க. அதுலயே வெச்சு வாசிங்க."

தவக்காலப் பாட்டு வாசித்தார். சிம்மில். அவள் மெழுகுத்திரி ஏற்றினாள், மண்டியிட்டாள், ஜெபமாலையை எடுத்தாள். தான் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது லாசரஸுக்கே நன்றாக இல்லை. அவரும் மண்டியிட்டார். கிட்டாரோடு. அன்று முதல் பெட்டியைப் போட்டால் ஜெபமாலை என்று ஆனது. ஆம்ப்ளிஃபயர் வாங்கி விரல் தேய்ந்தவர்கள் உலகத்தில் உண்டு. முட்டி தேய்ந்தவர் லாசரஸ் ஒருவர்தான்.

அவள் வெளியே போகும் நேரம் பார்த்து ஹையில் வைக்கலாம் என்று காத்திருந்தார். அவள் வெளியே போவதை நிறுத்திவிட்டாள். "கோயில் சாமானை விட்டுட்டு எங்கங்க போறது? திருடன் வந்தா?"

இதோடு நின்றிருந்தால் கூட லாசரஸ் பொறுத்திருப்பார். பச்சையம்மா வந்து சேர்ந்தாள்.

பச்சையம்மா பரம்பரையாக அந்த ஊர்க்காரி. நெல் விளைந்த நிலமெல்லாம் மனையாகிவிட்டது. மிச்சமிருந்த ஒரு துண்டில் அப்போது தண்ணீருக்கு ஆழ்குழாய்ப் போர் போட்டுக்கொண்டிருந்தாள். குழாய் இறங்கிக்கொண்டே இருந்தது, புழுதிதான் வந்தது. அந்த வயிற்றெரிச்சலோடு வாடகை வீட்டுப் பக்கம் வந்தவள், வாசலிலேயே மூக்கை உறிஞ்சினாள்.

"இன்னா மேரிம்மா, சாம்பிராணி வாசனை தெருக்கோடி வரிக்கும் வருது?"

"கோயில் சாமான்மா. இவருதான் கொண்டாந்து வெச்சிருக்காரு."

பச்சையம்மா உள்ளே வந்தாள். பெட்டியின் பின்பக்கமாகக் குனிந்து பார்த்தாள்.

"அய்யே! உள்ள வெளக்கு எரியுதே! யாரு ஏத்துனது?"

"தானா எரியும்மா" என்றாள் அருள்மேரி. முகத்தில் ஒரு அசைவு இல்லை.

"தானாவா!" பச்சையம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "எண்ணெ?"

"எண்ணெயே ஊத்துறதில்ல."

லாசரஸுக்குப் பொறுக்கவில்லை. "அது வால்வும்மா. கரண்ட்ல எரியுது. இதோ பாருங்க ஒயரு..."

"நீ கம்முனு இரு சாரு. உனுக்கு இன்னா தெரியும்? தூக்கினு வந்தே, அத்தோட உன் வேலை முடிஞ்சிது."

பெட்டிக்கு முன் கைகூப்பி நின்று வேண்டிக்கொண்டாள். தண்ணீர் வந்தால் மாலை போடுவதாக வேண்டுதல்.

தண்ணீர் வந்தது. அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் இறக்கினால் வரும் என்று போர்க்காரன் முதலிலேயே சொல்லிக்கொண்டுதான் இருந்தான். இப்போது அவனை யார் கேட்டார்கள்? பச்சையம்மா ரோஜா மாலையோடு வந்தாள். தெருவே பின்னால் வந்தது.

அதன் பிறகு கூடம் காலியாக இருந்த நேரமில்லை. பரீட்சைக்குப் போகிற பெண் ஹால் டிக்கெட்டைப் பெட்டி மேல் வைத்து எடுத்தாள். புருஷனுக்கு டிரான்ஸ்ஃபர் வேண்டிய ஒருத்தி எலுமிச்சம்பழம் உருட்டினாள். வருஷக்கணக்கில் டெலிபோனுக்கு எழுதிப்போட்டுக் காத்திருந்த ஒருவர் வந்து கும்பிட்டுவிட்டுப் போனார். அந்த வாரமே கனெக்‌ஷன் வந்தது. அதைக் கேட்ட பிறகு லாசரஸுக்கே அந்தப் பெட்டியிடம் கொஞ்சம் பயம் வந்தது.

ஆபீஸிலிருந்து திரும்பினால் உட்கார இடம் இல்லை. கிட்டாரைத் தொட்டால், "ஷ்! சாமி கும்பிட்றாங்கல்ல?" என்று வெளியாள் அதட்டினாள். தன் வீட்டில், தன் பெட்டிக்கு முன்னால், வரிசையில் நிற்கச் சொன்னார்கள். ஒருநாள் நின்றும் பார்த்தார். முறை வந்தபோது என்ன வேண்டுவதென்று தெரியவில்லை. 'ஹையில் ஒரு பாட்டு' என்று வேண்டிக்கொண்டார்.

தனசிங்கிடம் ஓடினார்.

"இதுக்கா சார் கண் கலங்குறீங்க? கோயில் சாமான்னு சொல்லித்தானே உள்ள கொண்டாந்தீங்க? கோயில்ல திருப்பிக் கேட்டுட்டாங்கன்னு சொல்லி வெளிய கொண்டாந்துடுங்க. நேரா நம்ம கடைக்கு. கறிக்கடைக்குச் செவ்வாக்கிழமை லீவு. அன்னிக்கு ஹையில வெச்சுக் கிழிங்க."

லாசரஸுக்கு உயிர் வந்தது. இரண்டாவது பொய்தான். ஆனால் முதல் பொய்யின் குட்டி. தனியாகச் சேர்க்க வேண்டியதில்லை.

அன்று இரவு சாப்பாட்டில் உட்கார்ந்து, முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு, "மேரி, சாமியார் அந்தப் பெட்டியைத் திருப்பிக் கேட்டுட்டாரு" என்றார்.

"அப்படியா?" ரசம் ஊற்றினாள். "நல்லவேளை. நானும் காலைல போய்ச் சொல்லிட்டுத்தான் வந்தேன்."

"யார்கிட்ட? என்ன சொன்னே?"

"சாமியார்கிட்டதான். ஞாயித்துக்கிழமை கொடியேத்தம். மைக் செட்டு ரிப்பேருன்னு பாவம் தலைல கை வெச்சு உக்காந்திருந்தாரு. கவலைப்படாதீங்க சாமி, எங்க வீட்டுல இருக்கிற கோயில் சாமானை இவரு கொண்டாந்துடுவாருன்னேன்."

லாசரஸின் கை இலையில் நின்றது. "அவரு என்ன சொன்னாரு?"

"ரொம்ப சந்தோஷம்னாரு. ஆனா, 'எந்தச் சாமான்?'னு கேட்டாரு. மறந்துட்டாரு போல. வயசாச்சில்ல?"

லாசரஸ் ரசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பளம் வைக்கவா?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மீன்பாடி வண்டிக்குப் பச்சையம்மா இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டியிருந்தாள். மேளம் அவள் செலவு. நடுவில் பெட்டி, பின்னல் விரிப்போடு, மாலையோடு. டெலிபோன்காரர் குடை பிடித்தார். கேம்ப் ரோடில் பஸ்ஸை நிறுத்தி வழிவிட்டார்கள். டீக்கடைக்காரர் வெளியே வந்து கும்பிட்டார். எந்தச் சாமி என்று அவருக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. லாசரஸ் வண்டிக்குப் பின்னால் நடந்தார். இழவு வீட்டிலிருந்து கிளம்பியவர் மாதிரி இருந்தது அவர் நடை. மேளத்துக்கு மட்டும் அது தெரியவில்லை.

பங்குச் சாமியார் அந்திரேயா வயசானவர். நல்லவர். குரல்தான் கிடையாது. அவர் பிரசங்கம் முதல் பெஞ்சுக்கே பாதிதான் வரும். பின் பெஞ்சுகளில் அந்த நேரத்தில் கல்யாணச் சம்பந்தங்கள் பேசி முடிந்துவிடும். அவர் கோயில் வாசலில் கையில் பொன்னாடையோடு நின்றார்.

இப்போது விட்டால் எப்போதும் இல்லை. லாசரஸ் முன்னால் போனார்.

"சாமி, ஒரு வார்த்தை. இந்தப் பெட்டி வந்து..."

"தெரியும் லாசரஸ். எல்லாம் உன் வீட்டுக்காரம்மா சொல்லிட்டா." பொன்னாடை தோளில் விழுந்தது. "கையால செஞ்சதாமே? உனக்காக ஆசை ஆசையா செஞ்சதாமே? அதைக் கோயிலுக்குத் தர இந்தக் காலத்துல யாருக்கு மனசு வரும்?"

ஜனம் கைதட்டியது. பச்சையம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். லாசரஸ் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் மாதா சுரூபத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம்... அவ புண்ணியம் சாமி" என்றார் லாசரஸ். வேறு என்ன சொல்வது?

உள்ளே தனசிங் ஏற்கெனவே ஒயரோடு உட்கார்ந்திருந்தான். கொஞ்சமும் கூச்சமில்லை. "கோயில் ஆர்டர் சார். விட முடியுமா?" பெட்டியைப் போட்டு மைக்கை மாட்டினான். வால்வுகள் கனிந்தன. குங்கிலியம் மணத்தது. ஜனம் "ஆ" என்றது.

பெட்டியை மந்திரிக்கச் சாமியார் தீர்த்தச் செம்பை எடுத்தார்.

கொதிக்கும் வால்வில் தண்ணீர் பட்டால் படார் என்று வெடிக்கும். லாசரஸுக்கு மட்டும்தான் அது அந்த நேரம் ஞாபகம் வந்தது. தனசிங் மேளக்காரரோடு பேசிக்கொண்டிருந்தான். லாசரஸ் பாய்ந்தார். பெட்டி மேல் குப்புற விழுந்து, பொன்னாடையை விரித்து, கட்டிக்கொண்டார். தீர்த்தம் முழுக்க அவர் முதுகில்.

"இன்னா பக்திடா சாமி" என்றாள் பச்சையம்மா. "ஒரு சொட்டு வெளிய வுடலியே."

சாமியார் மைக்கின் முன் வந்தார். தனசிங் குமிழைப் பிடித்தான். சிம்மைத் தாண்டினான். நிறுத்தவே இல்லை. ஹை.

"அன்பார்ந்தவர்களே" என்றார் சாமியார்.

கோயில் கிடுகிடுத்தது. கிணற்றுக்குள்ளிருந்து சிங்கம் பேசுவது போல இருந்தது. புதுத் துணி ஒரு பீஸ் முழுக்கக் கிழிந்தது, அதன் மேல் தேன் குடம் குடமாகக் கொட்டியது. பின் பெஞ்சில் ஒரு சம்பந்தம் பாதியில் நின்றது. கூரையில் நிஜமாகவே வவ்வால்கள் இருந்தன. அத்தனையும் கூட்டமாகக் கிளம்பி ஜன்னல் வழியாகச் சேலையூர் ஏரிப் பக்கம் போயின. சாமியாரே ஒரு நிமிஷம் மிரண்டார். தன் குரல்தானா என்று பின்னால் திரும்பிப் பார்த்தார். பிறகு முதுகு நிமிர்ந்தது.

"பாவிகளே!" என்றார்.

அவ்வளவுதான். முன் வரிசையில் இருந்தவர்கள் அழ ஆரம்பித்தார்கள். இத்தனை வருஷமும் அவர் பாவிகளே என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். யார் காதிலும் விழுந்ததில்லை.

ஹையில் அந்தப் பெட்டி எப்படி இருக்கும் என்று லாசரஸ் அன்றுதான் கேட்டார். அழகாக இருந்தது. அதுதான் கொடுமை.

பூசை முடிந்ததும் பாவசங்கீர்த்தனத்துக்கு வாசல் வரை வரிசை. லாசரஸும் நின்றார். இனி இது ஒன்றுதான் வழி. பாவமென்று ஒப்புக்கொண்டு கேட்டால் சாமியார் கொடுத்துத்தான் ஆக வேண்டும். முறை வந்தது. பலகை ஜன்னலுக்கு முன் மண்டியிட்டார். முட்டிக்குத்தான் பழக்கமாயிற்றே.

"சாமி, பொய் சொன்னேன்."

"யார்கிட்ட?" சாமியாரின் குரல் பழையபடி சிறுத்திருந்தது.

"பொண்டாட்டிகிட்ட."

"அதை விடு. வேற?"

"அதுதான் சாமி விஷயமே. அந்தப் பெட்டி கோயில் சாமான்னு பொய் சொன்னேன். அது என்னோடது."

"எந்தப் பெட்டி?"

"நீங்க இப்ப பேசினீங்களே, அது."

உள்ளே சாமியார் ஜன்னலை ஒட்டி நகர்ந்து உட்கார்ந்தார்.

"கோயில் சாமான்னு சொன்னே?"

"ஆமா சாமி."

"அது இப்ப எங்க இருக்கு?"

"கோயில்ல."

"மந்திரிச்சாச்சா?"

"ஆச்சு சாமி. பெட்டிக்குப் பதிலா என்னை."

"அப்ப நீ சொன்னது பொய்யா?"

"சொன்னப்ப பொய் சாமி."

"இப்ப?"

லாசரஸ் யோசித்தார். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

"இப்ப உண்மை" என்றார் சாமியார். "பாவம் தானா தீர்ந்துபோச்சு. திருப்பித் தூக்கிக்கிட்டுப் போனா மறுபடி பொய்யாயிடும். உன் ஆத்துமத்துக்கு அது ஆகாது, லாசரஸ். சமாதானமாப் போ. அடுத்த ஆளை வரச் சொல்லு."

சமாதானமாக எங்கே போவது? வீட்டுக்குத்தான் போனார்.

மறு வாரம் பெட்டிக்கு இரும்புக் கூண்டு வந்தது. பூட்டு வந்தது. அசலில் அமெரிக்காக்காரர் பெயர் இருக்கும் இடத்தில் 'லாசரஸ் – அருள்மேரி குடும்பத்தார் காணிக்கை' என்று தனசிங் மஞ்சள் பெயிண்டில் எழுதினான். பெட்டியைப் பராமரிக்க ஒலிபெருக்கிக் கமிட்டி ஒன்றைச் சாமியார் அமைத்தார். ஹையிலேயே அறிவித்தார். காரியதரிசி, அருள்மேரி. சாவி அவள் இடுப்பில்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அருள்மேரி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். லாசரஸ் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மேரி. உனக்கு முதல்லயே எல்லாம் தெரியுமா?"

"எனக்கு என்னங்க தெரியும்? நீங்க சொல்றதை அப்படியே நம்புறவ."

லாசரஸ் ஒரு காம்பை எடுத்து ஆய்ந்து கொடுத்தார்.

"நாளைக்கு மத்தியானம் கோயில்ல யாரும் இருக்க மாட்டாங்கல்ல?"

"மாட்டாங்க."

"நான் கிட்டாரை எடுத்துக்கிட்டுப் போய்... கொஞ்ச நேரம்... ஹையில. ஒரே ஒரு பாட்டு."

"ஐயோ, கோயில் சாமானாச்சேங்க."

"தெரியும்."

"சொந்தப் புருஷன்னு நான் தூக்கிக் குடுத்தா நாளைக்கு நாலு பேரு கேக்க மாட்டாங்களா? ஒரு மனு எழுதிக் குடுங்க. கமிட்டியில வெச்சுப் பேசுறோம்."

"கமிட்டியில யாரு யாரு?"

"நான். சாமியார். பச்சையம்மா."

"பச்சையம்மாவா? அவங்க நம்ம கோயிலே இல்லையே?"

"மேளம் யாரு செலவு?"

அதுவும் சரிதான். லாசரஸ் தாள் எடுத்தார். "சாமியார் பேருக்கு எழுதட்டுமா?"

"காரியதரிசி பேருக்கு. 'மதிப்பிற்குரிய அம்மையீர்'னு ஆரம்பிங்க."

மதிப்பிற்குரிய அம்மையீர் என்று லாசரஸ் ஆரம்பித்தார். தாழ்மையுடன் என்று போட்டார். ஒரு பாட்டு மட்டும் என்று அடிக்கோடு இட்டார். தங்கள் உண்மையுள்ள என்று முடித்து, கையெழுத்துப் போட்டு, எழுந்து நின்று, இரண்டு கையாலும் நீட்டினார்.

அருள்மேரி கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். நிதானமாக, ஒரு வரி விடாமல் படித்தாள்.

"தேதி போடல" என்று திருப்பிக் கொடுத்தாள்.